ஆடு மாடு கோழிக்கு நோய் வந்தால் பரிசோதனைச் செலவு யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஐப்பசியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே வாரத்தில் பதினோரு ஆடு போனது. மழைக்குச் சளி பிடித்திருக்கும் என்றார் ஒருவர், ஏதோ விஷச்செடியைத் தின்றிருக்கும் என்றார் இன்னொருவர். பதினோராவதையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போதுதான் "ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கலாமே" என்று ஒருவருக்குத் தோன்றியது. சரி, எங்கே அனுப்புவது, காசு யார் கட்டுவது, நோய் இன்னதென்று தெரிந்தால் அரசு ஏதாவது தருமா? அங்கே நின்ற ஏழெட்டுப் பேரில் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, நாலு மாடும் கொஞ்சம் ஆடும் வைத்திருக்கிறவன், அதனால் எந்த மருந்து போடலாம் என்று இதில் தேடாதீர்கள்.

என் ஆடு, என் மாடு. அதன் நோய்க்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்?

உங்கள் மாட்டுக்கு வந்த கோமாரி (வாயிலும் காலிலும் புண் வரும் நோய்) உங்கள் வேலியோடு நிற்காது என்பதால். காற்றில் போகும், பால்காரர் கேனில் போகும், சந்தையில் கட்டிய கயிற்றில் போகும். நான் என் செலவில் தடுப்பூசி போட்டு, பரிசோதனை செய்து, சுத்தமாக வைத்திருந்தாலும் அடுத்த தோட்டத்துக்காரர் எதுவும் செய்யாவிட்டால் என் பணம் வீண். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைப்பார், கடைசியில் இரண்டு பேரும் சும்மா இருப்போம்.

வெக்கை நோய் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராக மாட்டைத் துடைத்துக்கொண்டு போன நோய். இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது நம் தமிழ்நாட்டில்தான், 1995இல், வட ஆற்காடு பக்கம். அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். தடுப்பூசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகப் போய் "இப்படி வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதாவது செத்ததா" என்று கேட்டு, ரத்தம் எடுத்து, இல்லாத நோயை வருடக்கணக்காகத் தேடினார்கள். 2006இல் இந்தியாவில் அந்தக் கிருமியே இல்லை என்று உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றுக்கொண்டது, 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இல்லாத நோயைத் தேட எந்த விவசாயி காசு போடுவார், சொல்லுங்கள்? அது அரசுப் பணத்தில் மட்டுமே நடக்கக்கூடிய வேலை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

தடுப்பூசிப் பணம் பெரும்பாலும் தில்லியிலிருந்து. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது, கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு 13,343 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசின் பணம். பிறகு அதையும் வேறு சிலவற்றையும் சேர்த்துக் கால்நடை நலன் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒன்றாக்கினார்கள். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இதற்கு 2024-25, 2025-26 ஆகிய இரண்டு வருடங்களுக்கு 3,880 கோடி ஒதுக்கியது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் இதில்தான், அதற்கும் மத்திய அரசே முழுப் பணம்.

ஆனால் லேப் விஷயம் வேறு கணக்கில் வருகிறது. நோய் கண்டறியும் ஆய்வகங்களைப் பலப்படுத்துவது, கண்காணிப்பு, பயிற்சி, தொண்டை அடைப்பான், சப்பை நோய் மாதிரி அந்தந்த மாநிலத்துக்கு முக்கியமான நோய்களின் தடுப்பூசி, எல்லாம் "மாநிலங்களுக்கு உதவி" என்ற தலைப்பின் கீழ். அங்கே மத்திய அரசு 60, மாநில அரசு 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10. மாநிலம் தன் 40ஐ எடுத்து வைத்தால்தான் வண்டி ஓடும். தடுப்பூசி என்றால் இத்தனை லட்சம் மாட்டுக்குப் போட்டோம் என்று எண்ணிக்கை சொல்லலாம், படம் எடுக்கலாம். ஒரு மைக்ரோஸ்கோப்பும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் எத்தனை சாவு தவிர்ந்தது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அதனால் எப்போதும் லேப் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

மாதிரியை நானே லேபுக்கு எடுத்துப் போகலாமா, யாரிடம் கொடுப்பது?

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகம், நாம் மாட்டாஸ்பத்திரி என்கிறோமே அதுதான். அங்கே இருக்கும் உதவி மருத்துவர் வந்து எடுப்பதுதான் சரியான வழி. மாவட்டத் தலைமையிடத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பல பேருக்கு இது இருப்பதே தெரியாது. கொத்தாகச் சாவு நடந்தால் அவர்கள் நேரில் வர வேண்டும், அது அவர்கள் வேலை. அங்கே பார்க்க முடியாதது ராணிப்பேட்டைக்குப் போகும் (1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், தடுப்பூசியும் அங்கே தயாரிக்கிறார்கள்), அல்லது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களுக்கு. அதற்கும் மேலே தென்மாநிலங்களுக்கென்று பெங்களூரு ஹெப்பாளத்தில் ஒரு மண்டல ஆய்வகம். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் கடைசி வார்த்தை போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துடையது, அவர்கள் உறுதி செய்யாமல் அரசு அறிவிக்காது.

நேராகப் பல்கலைக்கழக லேபுக்கு நீங்களே எடுத்துப் போவதும் உண்டு, நாமக்கல் பண்ணைக்காரர்கள் செத்த கோழியைப் பையில் போட்டு எடுத்துப் போவது அன்றாடக் காட்சி. ஆடு மாட்டுக்காரர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை.

காசு கேட்பார்களா?

துறை மருத்துவர் வழியாகப் போகும் மாதிரிக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தில் சில பரிசோதனைகளுக்குக் கட்டணம் உண்டு. செத்த ஒரு ஆட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய காசில்லை.

ரிசல்ட் வருவதற்குள் மாடு செத்துவிடும். அப்புறம் எதற்கு லேப்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்கிறவர்கள் மேல் தப்பும் இல்லை. ரிசல்ட் அந்த மாட்டுக்காக இல்லை, மீதி இருக்கிறதுகளுக்காக.

ஒரு உதாரணம். 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் ஆடுகள் செத்தன. வாய்ப்புண், மூக்கொழுகல், கழிச்சல், பார்த்தால் வெக்கை நோய் போலவே இருக்கும். ஆராய்ந்து பார்த்ததில் அது வெக்கை இல்லை, ஆட்டுக்கொல்லி நோய் என்று தெரிந்தது, இந்தியாவில் அந்த நோய் அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல் முறை. அந்த ஊரில் எடுத்த கிருமியை வைத்தே பிறகு இங்கே தடுப்பூசி தயாரித்தார்கள், அந்த ரகத்துக்குப் பெயரே "அரசூர் 87". அந்த ஆடுகள் பிழைக்கவில்லைதான். ஆனால் யாராவது ஒருவர் அன்றைக்கு மாதிரி எடுக்காமல் "மழைச் சளி" என்று புதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு பக்கம், நோய் பெயர் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டே இருப்பது. கடைக்காரரிடம் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவோம், கிருமி வைரஸாக இருந்தால் அதை அந்த மருந்து தொடவே தொடாது. மடி நோய்க்குப் பால் மாதிரி கொடுத்து எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கச் சொன்னால், மூன்று மருந்து மாற்றிப் போடும் செலவில் ஒரு பங்குதான் ஆகும்.

மாதிரி அனுப்பினேன், "கெட்டுவிட்டது, பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தப்பு?

பாதி மாதிரிகள் வழியிலேயே உயிரை விடுகின்றன. முதல் தப்பு, ஆன்டிபயாடிக் ஊசி இரண்டு நாள் போட்டு, கேட்காமல் போன பிறகு ரத்தம் எடுக்கச் சொல்வது. பாக்டீரியா நோய் என்றால் அப்போது கிருமி வளராது, லேபில் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும். ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும். மந்தையில் நோய் என்றால் சாகக் கிடக்கிறதிடம் மட்டும் எடுக்காமல், நேற்று இன்று காய்ச்சல் ஆரம்பித்த ஒன்றிரண்டிடமும் எடுக்கச் சொல்லுங்கள், அவற்றில்தான் கிருமி நிறைய இருக்கும்.

இரண்டாவது, ஐஸ். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும், வீட்டு பிரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைத்து அனுப்பக் கூடாது, உறைந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். உள்ளுறுப்புத் துண்டு என்றால் ஒரு பங்கு பார்மலினில் (கெடாமல் வைக்கும் மருந்து நீர்), இன்னொரு பங்கு சும்மா ஐஸில், இரண்டும் வேறு வேறு பரிசோதனைக்கு. எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. வெயில் காலத்தில் செத்து ஆறு மணி நேரம் ஆன கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், பாவம். சாகப்போகிற கோழியை உயிரோடு எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, துண்டுச் சீட்டு. எத்தனை இருந்தது, எத்தனை செத்தது, என்ன வயது, என்ன தீனி, என்ன தடுப்பூசி எப்போது, புதிதாக ஏதாவது வாங்கினீர்களா. அந்தச் சீட்டு இல்லாத மாதிரி ஊர் பெயர் இல்லாத கடிதாசி மாதிரி.

திடீரென்று செத்துவிட்டது, மூக்கிலும் ஆசனவாயிலும் கருப்பாக ரத்தம். வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாமா?

தொடவே தொடாதீர்கள். அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அது மனிதனுக்கும் வரும். உடலைத் திறந்தால் கிருமி வித்தாகி அந்த மண்ணில் பல பத்து வருடம் கிடக்கும். மருத்துவர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார், அது போதும். தோலை உரிக்காமல் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். இறைச்சியைப் பங்கு போடுகிற பேச்சே வேண்டாம்.

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் கால்நடை வண்டி லேப் வேலையும் செய்யுமா?

அது முதலுதவி வண்டி. ஏறக்குறைய ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்று கணக்கு, வண்டிக்கு 16 லட்சம் வரை முழுவதும் மத்திய அரசு, ஓட்டும் செலவு 60:40. மருத்துவர் ஒருவர், உதவியாளர் ஒருவர், டிரைவர். மாதிரி எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு அடுத்த அழைப்பு காத்திருக்கும், தானாக எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

தடுப்பூசி போட்டும் கோமாரி வந்ததே. அரசு ஊசி டூப்ளிகேட்டா?

இல்லை. ஆனால் சந்தேகம் நியாயமானது. கோமாரிக்கு ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும், கன்றுக்கு நாலு மாதத்திலிருந்து. ஊசி மருந்து எங்கிருந்து கிளம்பினாலும் உங்கள் தொழுவம் வரை குளிர்ச்சியிலேயே வர வேண்டும், ஏதோ ஒரு கிளை நிலையத்தில் மதியம் முழுக்க மின்சாரம் போனால் கதை முடிந்தது. சுற்று தள்ளிப்போவதும் ஒரு காரணம். 2021இல் அப்படித் தாமதமாகி, மழைக்காலத்தில் பல மாவட்டங்களில் மாடுகள் படுத்தன.

ஊசி வேலை செய்ததா என்று பார்க்கவும் லேப்தான் வேண்டும். போட்ட பிறகு கொஞ்சம் மாடுகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா, உண்மையான நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் ஒரு பரிசோதனை இருக்கிறது. 2030க்குள் நாட்டில் கோமாரியை ஒழிப்பது என்ற இலக்கு இருக்கிறதே, அதற்கு நிரூபணம் வேண்டுமென்றால் அந்தப் பரிசோதனையில்தான் கிடைக்கும். உங்கள் மாட்டிடம் ரத்தம் எடுக்க வந்தால் "எதுக்கு வீணா குத்துறீங்க" என்று விரட்டாதீர்கள்.

பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளை அழித்தால் பணம் தருவார்களா?

தருவார்கள். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழித்த பறவைக்கும், அழித்த முட்டைக்கும் தீனிக்கும் கணக்குப் போட்டு இழப்பீடு உண்டு.

இதில் ஒரு பொடி எழுத்து இருக்கிறது, அதைப் பெரிதாக எழுதுகிறேன்: இழப்பீடு அழிக்கப்பட்ட பறவைக்குத்தான், ஏற்கனவே நோயில் செத்ததற்கு இல்லை. பத்தாயிரம் கோழியில் ஐந்நூறு செத்தவுடன் சொன்னவருக்கும், எட்டாயிரம் சாகும் வரை மூடி வைத்தவருக்கும் கையில் வரும் பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இழப்பீட்டுத் தொகை சந்தை விலைக்கு ஈடாகாது, அழிப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் ஷெட் காலியாகக் கிடப்பதற்கும் யாரும் எதுவும் தருவதில்லை, இந்தக் குறை எல்லாம் உண்மை. அப்படியும் சீக்கிரம் சொல்கிறவருக்குத்தான் நஷ்டம் குறைவு.

2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேல் கோழி, நாட்டிலேயே முதலிடம். 2014இலும் 2021இலும் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது எல்லையில் வாளையாறிலும் மற்றச் சோதனைச் சாவடிகளிலும் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடித்துக்கொண்டு நின்றது சும்மா இல்லை.

மாடு கோமாரியிலோ பெரியம்மையிலோ (தோலில் கட்டி கட்டியாக வரும் மாட்டு நோய்) செத்தால்?

இங்கேதான் எல்லாருக்கும் ஏமாற்றம். மத்திய அரசின் இழப்பீடு, பறவைக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மாதிரி அரசே முன்வந்து அழிக்கும் நோய்களுக்குத்தான். 2022இல் பெரியம்மை ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தபோது, மகாராஷ்டிரமும் பிறகு ராஜஸ்தானும் தங்கள் கஜானாவிலிருந்து கொஞ்சம் கொடுத்தன. அது அந்தந்த மாநிலத்தின் முடிவு, உரிமையாகக் கேட்க முடியாது. அதே மாடு வெள்ளத்தில் போயிருந்தால் பேரிடர் நிதியிலிருந்து கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய் உண்டு. வெள்ளத்தில் செத்தால் பேரிடர், கிருமியில் செத்தால் தலையெழுத்து. எனக்கு இது புரியவே இல்லை.

மிச்சம் இருப்பது காப்பீடுதான். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024இல் விதியை மாற்றி, பிரீமியத்தில் நம் பங்கு 15 சதவீதம், மீதியை இரண்டு அரசும் கட்டும் என்றார்கள். காதுத் தோடு (எண் போட்ட அடையாள வில்லை) இல்லாமல் பணம் கிடையாது, செத்ததும் போஸ்ட்மார்ட்டம் சான்று வேண்டும், பாலிசி எடுத்த முதல் சில வாரம் நோய்ச் சாவுக்குத் தரமாட்டார்கள். செத்த மாட்டின் காதுத் தோட்டைப் புதைத்துவிட்டு வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

பண்ணை பயோசெக்யூரிட்டிக்கு (நோய் உள்ளே வராமல் தடுக்கும் ஏற்பாடு) மானியம் உண்டா?

தனியாக இல்லை. புதிதாக ஆட்டுப்பண்ணை, நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்கிறவர்களுக்குத் தேசியக் கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மூலதன மானியம் இருக்கிறது, ஆட்டுக்கு 50 லட்சம் வரை. பெரிய முதலீட்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையுடன் ஒரு உள்கட்டமைப்பு நிதியும் இருக்கிறது. அந்தத் திட்ட மதிப்பீட்டிலேயே வேலி, வண்டிச் சக்கரம் நனையும் மருந்துத் தொட்டி, தனிக் கொட்டில், செத்ததைப் போடும் குழி எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், பல பேர் ஷெட்டும் ஆடும் மட்டும் எழுதிவிட்டுப் பின்னால் முழிக்கிறார்கள். ஆனால் ஏற்கனவே இருபது ஆடு வைத்திருக்கிற ஒருவர் வாசலில் ஒரு கேட் போட யாரும் பணம் தருவதில்லை. நோய் அதிகம் சுற்றுவது அந்த இருபது ஆட்டுக் கூட்டங்களில்தான், அரசு கவனிக்க வேண்டிய ஓட்டை இது.

பெரிய கோழிப் பண்ணைகள் வேறு உலகம். 2023இல் பறவைக் காய்ச்சல் இல்லாத தனிப் பகுதிகள் என்று 26 கோழிப் பண்ணைத் தொகுதிகளை இந்தியா அறிவித்தது, உலகக் கால்நடை நல அமைப்பும் ஏற்றது, அதில் தமிழ்நாடும் உண்டு. ஏற்றுமதிக்காகச் செய்தது. அங்கே குளித்து உடை மாற்றாமல் உள்ளே விடமாட்டார்கள்.

எனக்கு அவ்வளவு வசதி இல்லை. குறைந்தபட்சம் என்ன செய்வது?

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே கூட்டத்தோடு விடாதீர்கள், மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். தனி இடம் இல்லையா, வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கட்டுங்கள், தண்ணீர்ப் பாத்திரம் தனி, அதற்குத் தீனி போடுவது கடைசியில். சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பிய ஆடும் புது ஆடுதான், இதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். அடுத்தது வியாபாரி. பத்துத் தொழுவம் ஏறி இறங்கி வருகிறவர் செருப்போடு உங்கள் பட்டிக்குள் வந்து ஆட்டின் வாயைப் பிடித்துப் பல் பார்ப்பார். ஆட்டை வெளியே ஓட்டி வந்து காட்டுங்கள். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், முதல் இரண்டு தடவைதான் சங்கடம். பட்டி வாசலில் சுண்ணாம்புத் தூள் போடுகிறவர்கள் அதில் மழை பெய்த பிறகு புதிதாகப் போட வேண்டும், சாணம் அப்பிய செருப்போடு மிதித்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

நோய் என்று சொன்னால் சந்தையை மூடுவார்கள், ஊரே என்னைத் திட்டும். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

2009ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, பட்டியலில் உள்ள தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் ஊர் அலுவலருக்கோ ஊராட்சிக்கோ சொல்ல வேண்டும், அவர்கள் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். சந்தை மூடும் அதிகாரமும் அதில் உண்டு. திட்டுவார்கள்தான். நாலு பேர் சேர்ந்து சொன்னால் திட்டு நாலாகப் பிரியும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

உலக வங்கிப் பணம் வருகிறதாமே?

வருகிறது, நமக்கு நேரடியாக இல்லை. 2023இல் தொடங்கிய உலக வங்கித் திட்டம் அசாம், ஒடிசா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்ற ஐந்து மாநிலங்களுக்கு. பெருந்தொற்று நிதி என்ற பன்னாட்டு நிதியிலிருந்து 2.5 கோடி டாலர் இந்தியாவுக்குக் கிடைத்து 2024 அக்டோபரில் வேலை தொடங்கியது, ஆய்வகங்களும் முன்னெச்சரிக்கையும்தான் அதன் நோக்கம்.

மாதிரி கொடுத்து மூன்று வாரம் ஆச்சு, பதிலே இல்லை.

கொடுத்த அன்றே லேப் பதிவு எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால் புலனாய்வுப் பிரிவுக்கே போய்க் கேட்கலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. எண் இல்லாமல் "அன்னிக்கு ஒரு டாக்டர் வந்து எடுத்தார்" என்று போய் நின்றால் யாராலும் உதவ முடியாது.

அந்தப் பதினோரு ஆடு என்ன நோயில் செத்தது?

மாதிரி எடுக்காததால் உறுதியாகத் தெரியாது. ஆட்டுக்கொல்லி என்கிறேன் நான், துள்ளுமாரி (ஆட்டுக்கு வரும் இன்னொரு நோய்) என்கிறார் அந்தத் தோட்டத்துக்காரர். மீதி இருந்த ஆறு ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, இரண்டு நோய்க்கும்.